அடிக்கு ஓர் அங்குலம்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஏழே கால் மணிக்குத் தொடங்கி எட்டரை மணிவரை விவாதித்து, எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒரு முடிவுக்கு வந்தது. இயற்பியல் துறைப் பேராசிரியர் சௌந்தரராஜனின் அஞ்சலிப் பதாகையில், பணியில் சேர்ந்தபோது அடையாள அட்டைக்காக அவர் எடுத்துக்கொண்ட படத்தையே அச்சிடுவது என்பது அந்த முடிவு. அறுபத்துமூன்று உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்க்கவில்லை. கல்லூரியின் வரலாற்றில் இத்தனை பெரிய ஒற்றுமையை நான் கண்டதில்லை. வரலாற்றுத் துறையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் பொறுப்போடுதான் சொல்கிறேன்.

அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் எடுத்த எல்லாக் குழுப் படங்களிலும் சௌந்தரராஜன் குனிந்து யாருடைய காலையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டு விழா, விளையாட்டு விழா, முதல்வர் மாறிய விழா, மாறிய முதல்வர் மறுபடி வந்த விழா, எல்லாவற்றிலும் அப்படித்தான். அடையாள அட்டைப் படத்தில் மட்டும் நேராகப் பார்க்கிறார். ஸ்டுடியோ முக்காலியில் உட்கார்ந்திருந்ததால் எதிரே பார்க்கக் கால் எதுவும் கிடைக்கவில்லை போலும்.

செய்தி எனக்கு வந்த வரிசையும் இதுவே. முதலில் கண்ணில் பட்டது, "சௌந்தர் சார் போட்டோ நல்லதா யார்கிட்டயாவது இருக்கா?" என்ற கேள்வி. அவர் ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. விழா மலருக்காக யாரோ முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிட்டார்கள், அதிசயம்தான் என்று நினைத்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனேன். எட்டாவது செய்தியில் விஷயம் இருந்தது. அதிகாலை, ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதி வீட்டில், நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தபோது தேவைப்படவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மொத்தம் இரண்டு. இரண்டும் எனக்குப் புரியவில்லை. கடைசி ஐந்து ஆண்டுகளில் அவர் உண்மையாகவே கவலைப்பட்ட விஷயம் எனக்குப் புரிந்தது. பேஸ்பாலில் பந்தை எறிகிறவரின் முன்கால்.

பேஸ்பால் எங்கள் கல்லூரிக்கு ஒரு கூட்டல் கணக்கின் வழியாக வந்தது. எங்கள் மண்டலத்தில் மூன்று கல்லூரிகளில் மட்டுமே அந்த அணி இருப்பதை உடற்கல்வி இயக்குநர் பீட்டர் கண்டுபிடித்தார். நான்காவதாகப் பெயர் கொடுத்தால், ஒரு பந்தைக்கூட எறியாமல் அரையிறுதிக்குப் போய்விடலாம். ஆண்டறிக்கையில் 'அரையிறுதி வரை முன்னேறியது' என்று ஒரு வரி கிடைக்கும். படிவங்களில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்பதால் நான் அணியின் மேலாளர் ஆனேன். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தை எறிகிற பிட்சர் ஓடிவரக் கூடாது என்பது மட்டும்தான். நின்ற இடத்திலிருந்து ஒரே ஓர் எட்டு வைத்து எறிய வேண்டும். அறுபதடி தூரத்தில் பெரிய கையுறையோடு குந்தியிருக்கும் கேட்சர் அதைப் பிடிப்பார். நடுவில் மட்டையோடு நிற்பவர் அதைத் தடுக்கப் பார்ப்பார்.

எங்கள் மைதானத்தில் உண்மையிலேயே எறியத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் மாணவி இல்லை. வணிகவியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்த செல்வராணி. 'கௌரவ' என்றால் ஆண்டுதோறும் மே மாதம் வேலை போய், ஜூன் மாதம் திரும்பக் கிடைக்குமா என்று தெரியாமல் இருப்பது. வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். மாவட்டப் பெண்கள் அணியின் பிட்சர். மாலை நாலரைக்குக் கடைசி வகுப்பு முடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் அவர் எறிந்த பந்து கேட்சரைத் தாண்டிப் போய் இயற்பியல் ஆய்வகத்தின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. உள்ளேயிருந்து பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு சௌந்தரராஜன் வெளியே வந்தார். நான் மன்னிப்புக்கான வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டிருந்தேன். மேலாளரின் வேலை அதுதான்.

"யார் எறிஞ்சது?"

"நான்தான் சார்" என்றார் செல்வராணி.

"எந்தக் காலை ஊன்றி எறிஞ்சீங்க?"

"சார், நான் கையாலதான் எறிஞ்சேன்."

"அதான் ஜன்னலுக்கு வந்திருக்கு" என்றார் சௌந்தரராஜன். பந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மாலை நாலரைக்கு ஒரு மடக்கு நாற்காலியோடு மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து ஆண்டுகள் அந்த நாற்காலி அங்கேதான் இருந்தது.

செல்வராணிக்கு வலது முழங்கையில் வலி இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் கரும்பலகையில் இடது கையால் எழுதுகிறார் என்று மாணவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாவட்ட அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாவட்ட அணியில் இல்லையென்றால் மாநில அணிக்கான தேர்வுக்குப் போக முடியாது. மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் அடுத்து வரும் ஒரு தேர்வுதான் அவருக்கு மிச்சம். அது போனால் ஜூன் மாதத்துக்குக் காத்திருக்கும் வாழ்க்கையே நிரந்தரம். அல்லது அவர் ஊர்ப் பெண்கள் பலர் போவதுபோல நூற்பாலை வேன்.

பீட்டரின் வைத்தியம் வலிநிவாரண ஸ்பிரேயும் டம்பெல்லும். எறிவது கை, எனவே கையைப் பலப்படுத்த வேண்டும். இதில் தவறு இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை.

"கை கடைசியா வர்றது பீட்டர் சார்" என்றார் சௌந்தரராஜன். "முதல்ல தரை. அப்புறம் கால், இடுப்பு, மார்பு, தோள். கீழ இருக்கிறவங்க யாரும் வேலை செய்யலைன்னா மேல இருக்கிறவன் தலையில எல்லாம் விழும். நம்ம ஆபீஸ்ல நடக்கிறதுதான், தலைகீழா."

"சார், நீங்க லேப்ல பெண்டுலம் ஆட்டுங்க. பந்தை நான் பாத்துக்கிறேன்."

"பஸ்ல நின்னுட்டு வந்திருக்கீங்களா?"

"தினம் வர்றேன்."

"ஓடும்போது விழுந்தீங்களா?"

"பிரேக் போட்டா விழுவேன்."

"அவ்வளவுதான். இந்தம்மாவுக்கு பிரேக் இல்லை. இடது கால் தரையில வந்து ஊன்றும்போது முட்டி அப்படியே முன்னால மடங்கிக்கிட்டே போகுது. சேர்த்த வேகமெல்லாம் முட்டியில கரைஞ்சு போயிடுது. பாக்கியைக் கை சம்பாதிக்க வேண்டியிருக்கு. கை எவ்வளவுதான் சம்பாதிக்கும்?"

பீட்டர் என்னைப் பார்த்தார். நான் மைதானத்தைப் பார்த்தேன். இருபது ஆண்டுகள் கல்லூரிக் கூட்டங்களில் உட்கார்ந்த பயிற்சி அது.

அடுத்த வாரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்தது. வெங்காய மண்டியில் மூட்டை எடைபோட்ட பழைய மேடைத் தராசு, வட்ட முகமும் முள்ளும் உள்ளது. மின்னணுத் தராசு வந்தபிறகு மூலையில் கிடந்ததாம். அதை சௌந்தரராஜன் மைதானத்தில் குழி தோண்டி, மேடை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார். எறிபவரின் முன்கால் அதன்மேல் வந்து ஊன்ற வேண்டும். கால் விழும் கணத்தில் முள் பாய்ந்து திரும்பிவிடும், எந்த எண்ணைத் தொட்டது என்று கண் பார்க்காது. அதற்காகத் தென்னை ஈர்க்கில் இரண்டாவது முள் ஒன்று செய்து தளர்வாகப் பொருத்தியிருந்தார். பெரிய முள் அதைத் தள்ளிக்கொண்டு போய், போன உச்சத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடும். தராசு முழுவதும் வெங்காய வாசனை.

"சார், என் வெயிட்டை சத்தமா சொல்லாதீங்க" என்றார் செல்வராணி.

"வெயிட்டு வேண்டாம். வெயிட்டைப்போல எத்தனை மடங்குன்னு மட்டும் சொல்றேன்."

செல்வராணி எறிந்தார். ஈர்க்கு முள் அவர் எடையைக் கொஞ்சம்போலத் தாண்டி நின்றது. பிறகு சௌந்தரராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்து இல்லாமல் அதே எட்டை எடுத்துவைத்து, இடது காலைக் கம்பம்போல ஊன்றிக் காட்டினார். ஐம்பத்துநான்கு வயது ஆள், மெலிந்த உடம்பு. முள் ஏறக்குறைய இருமடங்குக்குப் போய் நின்றது. தராசின் முள் வேகத்தில் கூடுதலாகப் பாயும், அந்த எண்ணை நம்பமுடியாது என்று பீட்டர் சரியாகவே சொன்னார்.

"பொய்தான் சொல்லும்" என்று ஒப்புக்கொண்டார் சௌந்தரராஜன். "ஆனா எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி பொய் சொல்லும். எனக்கு அது போதும்."

அந்தத் தராசில் அவர் எத்தனை முறை தன் காலை ஊன்றிக் காட்டினார் என்று கணக்கு இல்லை. இடது முட்டி வீங்கத் தொடங்கியதை எங்களிடமிருந்து சில மாதங்கள் மறைத்தார். இந்த விஷயத்தில் அவரும் செல்வராணியும் ஒரே ரகம்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு ஸ்ரீரங்கத்தில்தான் புரிந்தது. சித்திரைத் திருவிழாவின்போது ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். நான் கே.கே. நகரிலிருந்து வந்த கிறிஸ்தவன் என்பதால் அவர் மனைவி எனக்குப் பிரத்தியேகமாக எல்லாவற்றையும் விளக்கினார். வீதியில் பெருமாள் எழுந்தருளியபோது எல்லோரும் கைகூப்பி மேலே பார்த்தார்கள். சௌந்தரராஜன் கைகூப்பிக்கொண்டு கீழே பார்த்தார். பல்லக்கைச் சுமந்துவந்தவர்களின் கால்களை.

"பெருமாளை சேவிக்க வந்தேளா, ஸ்ரீபாதம்தாங்கி காலை எண்ண வந்தேளா?" என்றார் அவர் மனைவி.

"அவா காலு நின்னாத்தானே அவர் நிக்கறார்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "சார், இப்ப நிறுத்துவாங்க பாருங்க. முன்னால இருக்கிறவங்க முட்டியைப் பாருங்க. அப்புறம் டக்குன்னு குடையைப் பாருங்க" என்றார்.

முன்வரிசைக்காரர்கள் காலை ஊன்றினார்கள். முட்டி ஒன்றுகூட மடங்கவில்லை. கீழே எல்லாம் நின்றுவிட்டது. மேலே, பல்லக்கோடு கட்டியிருந்த வெண்குடை மட்டும் நிற்காமல் சட்டென்று முன்னால் சாய்ந்து வந்தது. கால் நின்றதால் குடை வீசியது. அவ்வளவுதான் விஷயம். முட்டிகள் தளர்ந்து, பல்லக்கு மெல்ல மெல்ல நின்றிருந்தால் குடை அசைந்திருக்காது.

"குடைதான் கையா?" என்று கேட்டேன்.

"ஹிஸ்டரிக்காரருக்குப் புரிஞ்சுடுத்து" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

செல்வராணியின் முட்டி ஏன் மடங்குகிறது என்று கண்டுபிடிக்க மேலும் ஓராண்டு ஆனது. தசையில் குறையில்லை. கல்லூரியில் படிக்கும்போது சரளை மைதானத்தில் கேன்வாஸ் ஷூவோடு எறிந்து, முன்கால் வழுக்கி முகத்தில் விழுந்திருக்கிறார். அதிலிருந்து கால் தரையைத் தொடும்போது உடம்பு தானாகவே மெல்லத் தொட்டது. குழந்தை தூங்கும் அறைக்குள் நடப்பவர்போல.

"ஓங்கி ஊனுங்க" என்றார் சௌந்தரராஜன்.

"வழுக்கினா நீங்களா சார் தூக்குவீங்க?"

"நான் எதுக்கு? இப்பவே தரை உங்களைத் தூக்கித்தான் வெச்சிருக்கு. நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்களோ அவ்வளவு திருப்பிக் குடுக்கும். அதை நம்பாம நீங்க கையை நம்பறீங்க."

"கை என்னுது சார். தரை காலேஜோடது."

அந்த வாக்கியம் அவருக்குள் வேலை செய்திருக்க வேண்டும். ஏனென்றால் அதன்பிறகுதான் மேடு கட்டும் யோசனை வந்தது. பேஸ்பாலில் பிட்சர் சமதரையில் நிற்பதில்லை. பத்து அங்குல உயரமுள்ள ஒரு மண்மேட்டின் உச்சியில் நின்று, முன்பக்கச் சரிவில் காலை ஊன்றி எறிகிறார். சரிவு அடிக்கு ஓர் அங்குலம். தேர்வு நடக்கும் அரங்கில் அப்படி ஒரு மேடு உண்டு. சமதரையில் பழகியவரின் கால் அங்கே எதிர்பார்த்த இடத்தில் தரையைக் காணாமல் ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் செல்வராணியின் உடம்பு ஏற்கெனவே மனப்பாடம் செய்துவைத்திருந்தது.

மண்ணுக்குக் கல்லூரியில் வழியில்லை. செல்வராணியின் அப்பா தன் கொல்லையிலிருந்து ஒரு டிராக்டர் செம்மண் அனுப்பினார். போதுமா என்று போனில் கேட்டதற்கு, "எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க சார், எங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். பீட்டரும் சௌந்தரராஜனும் மூன்று மாலை நீர்விட்டு மிதித்து, நூல் பிடித்து, கோணமானி வைத்து அந்த மேட்டைச் செய்தார்கள். மிதிக்கும்போதும் கையா காலா என்று சண்டை போட்டுக்கொண்டுதான் மிதித்தார்கள். கல்லூரி வளாகத்தில் அளவு சரியாக இருந்த ஒரே கட்டுமானம் அது. தேர்வுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

இனி என் பங்குக்கு வருகிறேன். அந்த மாதக் கடைசியில் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. கட்டடக் குழுவின் செயலாளர் நான். 'மைதானத்தில் காணப்படும் மண் குவியல்கள் அகற்றப்பட்டுத் தரை சமன்செய்யப்பட வேண்டும்' என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டேன். என் மனதில் இருந்தது சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நான்கு ஆண்டுகளாகக் கிடந்த கட்டட இடிபாடு. அன்று ஒன்பது தீர்மானங்கள். அது ஆறாவது. ஜேசிபி வந்தது. கொட்டகைக்குப் பின்னால் போக அதற்கு வழி இல்லை. மைதானத்தில் நடுவாக, வட்டமாக, பார்த்தவுடன் தெரியும்படி ஒரு குவியல் இருந்தது. அதை அகற்றிச் சமன்செய்துவிட்டுப் போனது. இடிபாடு இன்றும் அங்கேயே இருக்கிறது.

மாலை நாலரைக்கு செல்வராணி வந்து வெறும் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். சௌந்தரராஜன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தீர்மானத்தை முழுவதும் படித்தார். என் அறைக்கு வந்தார்.

"தமிழ் நல்லா இருக்கு சார்" என்றார்.

அதைத் தவிர அவர் இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான்காம் நாள், நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் அவர் குந்தியிருப்பதைப் பார்த்தேன். கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய். மதிப்பீட்டுக் குழுவுக்காக அங்கே புதிதாக ஒரு சாய்தளம் கட்டியிருந்தோம், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக. அப்போது கல்லூரியில் சக்கர நாற்காலியில் வருபவர் எவரும் இல்லை. முன்பு ஒரு மாணவர் இருந்தார். சாய்தளம் இல்லாததால் முதலாண்டிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"இதுக்கு என்ன சரிவு குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"விதிப்படி. பன்னிரண்டுக்கு ஒன்று."

"பன்னிரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம்" என்றார். அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான் என்று எழுதலாம், ஆனால் உண்மையில் அவர் சிரிக்கவில்லை. நீர்க்குழாயைச் சுருட்டினார்.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கல்லூரித் தேவாலயப் பூசைக்கு முன்பு, சாய்தளத்தில் சௌந்தரராஜனும் பீட்டரும் தென்னைநார் விரிப்பு ஒன்றை இறுக்கி விரித்து நான்கு மூலையிலும் மணல்மூட்டை வைத்தார்கள். செல்வராணியை மறுபடி எறிய வரவழைக்க சௌந்தரராஜன் இரண்டுமுறை வையம்பட்டிக்குப் போய் வந்திருந்தார் என்பது செல்வராணியின் அப்பா பிறகு சொல்லித்தான் தெரியும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கேட்சராகக் குந்த ஆள் இல்லை.

"குடுங்க அந்த கிளவுஸை" என்றார் பீட்டர். "கைதான்னு நான் இன்னும் சொல்றேன். சும்மா பிடிக்கிறேன், அவ்வளவுதான்."

முதல் முறை செல்வராணி கால் வைத்ததும் நின்றுவிட்டார். எறியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. சௌந்தரராஜன் விரிப்பின்மேல் ஏறி, வீங்கிய முட்டியோடு, ஓங்கி மிதித்துக் காட்டினார். விரிப்பு நகரவில்லை. அவர்தான் இரண்டு நிமிடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வழுக்கலை பாத்தீங்களா? வலிக்குது, அது வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

மூன்றாம் முறை செல்வராணியின் கால் விழுந்த சத்தம் நிர்வாகக் கட்டடத்தின் வராந்தாவுக்குள் போய்த் திரும்பி வந்தது. பந்து பீட்டரின் கையுறைக்குள் போய்ச் சேர்ந்த சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பீட்டர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொண்ணு" என்றார்.

இரண்டாம் ஞாயிறு, சத்தம் கேட்டு முதல்வர் அங்கியோடு வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"ஃபாதர், சாய்தளம் பயன்பாட்டில் இருக்கிறதுக்குப் பதிவேடு காட்டணும்னு குழு கேட்பாங்க. அதான்" என்றார் சௌந்தரராஜன். உண்மையிலேயே ஒரு பதிவேடு வைத்திருந்தார். 'பயன்படுத்தியவர்: செல்வராணி, வணிகவியல். எத்தனை முறை: முப்பத்தாறு.' முதல்வர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். குழு வந்தது, சாய்தளத்தைப் பாராட்டியது, மதிய உணவு உண்டது, போனது.

தேர்வு முகாமுக்கு நாங்கள் நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். செல்வராணியின் முதல் பந்து கேட்சரின் தலைக்கு மேல் போனது. தேர்வாளர்களில் ஒருவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். செல்வராணி குனிந்து, மேட்டின் சரிவை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு எறிந்தார். பிறகும் எறிந்தார். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். சௌந்தரராஜன் ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"நேரா கேட்சர் கைக்கு."

"போகும்" என்றார், செல்வராணியின் இடது காலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஆண்டு செல்வராணி மாநில அணியில் ஆடினார். முழங்கை வலி குறைந்தது. முழுவதும் போகவில்லை, குறைந்தது என்று சொல்வதே சரி. பீட்டர் இப்போது புதிய அணிக்குக் காலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார், அது தன் சொந்தக் கருத்து என்ற நம்பிக்கையோடு. இதை சௌந்தரராஜனிடம் சொன்னபோது, "யார் சொன்னா என்ன சார், தரை ஒண்ணுதானே" என்றார். சான்றிதழை வைத்து விண்ணப்பித்து, சரிபார்த்து, காத்திருந்து, மறுபடி சரிபார்த்து, பணி ஆணை வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வந்த அன்று செல்வராணி இனிப்போடு ஆய்வகத்துக்குப் போய் அவர் காலைத் தொடக் குனிந்தாராம். "அந்தக் கால் வேண்டாம், வீங்கியிருக்கு" என்று நகர்ந்துகொண்டாராம். முட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்ய ஓய்வுபெற்ற பிறகு நாள் குறித்திருந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம். தீர்மானம் எதிலும் கையெழுத்திடும் முன், அது சொல்லும் இடத்துக்கு நடந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். இதனால் கட்டடக் குழுவின் வேலை தாமதமாகிறது என்று அலுவலகத்தில் புகார் இருக்கிறது. புகார் நியாயமானது. போன மாதம் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய், அது இல்லவே இல்லை என்று தெரிந்து திரும்பினேன். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

வியாழக்கிழமை பிற்பகல் கீழ உத்திர வீதியிலிருந்து அவரை எடுத்துச்சென்றார்கள். கல்லூரியிலிருந்து நாற்பது பேர்போல வந்திருந்தோம். பீட்டர் வெகுநேரம் தோள் கொடுத்தார். செல்வராணிக்குப் பணியிடம் ராமநாதபுரத்தில். சேர்ந்து அன்று ஒன்பதாவது நாள். விடுப்பு கிடைக்கவில்லை.